தாத்தாவின் பெரெட்டா 1934: குடும்பக் கதையும் முத்திரையும் ஒத்துப்போகவில்லை

சாட்ஸ்வர்த்_பேரன் (புரட்டாசி முதல் வாரம்)

எல்லாருக்கும் வணக்கம். ஓராண்டாக இங்கே படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். இப்போது கேட்க ஒரு விஷயம் வந்திருக்கிறது.

ஆடியில் பெரியப்பா காலமானார். அவர் வீட்டு சேஃபில் ஒரு பிஸ்டல். லைசென்ஸ் அவர் பெயரில் ஒழுங்காக இருந்தது. சொத்து விவகாரம் பார்க்கும் வக்கீல், "நீ அதைத் தொடவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு டீலர் ஒருவரை வரவழைத்து, ரசீது போட்டு, அவருடைய சேஃபுக்கு அனுப்பிவிட்டார். போன சனிக்கிழமை டீலர் கடைக்குப் போனேன். மேஜையில் ஒரு துணி விரித்து எடுத்து வைத்தார். இவ்வளவு சின்னதா என்று இருந்தது. சின்ன வயதில் கேட்ட கதையில் அது பீரங்கி அளவுக்குப் பெரியது.

கதை இது. தாத்தா இரண்டாம் உலகப் போரில் தென்னாப்பிரிக்க ராணுவத்தின் இந்தியன் அண்ட் மலாய் கோர் படையில் லாரி ஓட்டினார். 1941இல் அபிசீனியாவில் (இன்றைய எத்தியோப்பியா), அம்பா அலாகி மலையில், ஓர் இத்தாலிய அதிகாரியை மடக்கிப் பிடித்து அவன் இடுப்பிலிருந்து உருவியது இந்தத் துப்பாக்கி. தீபாவளிக்குத் தீபாவளி இதைப் பெரியப்பா சொல்வார். ஒவ்வொரு வருஷமும் இத்தாலிக்காரன் ஒரு ரேங்க் உயர்ந்துகொண்டே போவான். கடைசியாகக் கேட்டபோது கர்னல்.

மேலே இருக்கும் எழுத்துகள்: ஸ்லைடின் இடப்பக்கம் பெரெட்டா என்ற பெயர், 9 கோர்ட்டோ (தோட்டா அளவு), 1934, கார்டோனே என்ற ஊர், 1942, அதன் பக்கத்தில் இரண்டு எக்ஸ். ஃபிரேமில் ஒரு கிரீடம், அதன் கீழே ஆர், ஈ என்று இரண்டு எழுத்து. பிடியில் ஒரு பக்கம் கறுப்புத் தகடு, அதில் பி பி என்று வட்டமாக. மறுபக்கம் யாரோ கையால் செதுக்கிய மரத்துண்டு.

எனக்குத் தெரிய வேண்டியது: கதை நிஜமா? இதை நான் வைத்துக்கொள்ள முடியுமா?

---

பிரிவு_17

இரண்டாவது கேள்விக்கு முதலில். வக்கீல் சரியாகச் செய்திருக்கிறார், அவருக்கு ஒரு பன்னி சோ (ரொட்டிக்குள் கறி வைத்த நம் டர்பன் சாப்பாடு) வாங்கிக் கொடுங்கள். லைசென்ஸ் இறந்தவரோடு முடிந்துவிடும், வாரிசுக்குத் தானாக வராது. நீங்கள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். முதலில் பயிற்சி, தகுதிச் சான்றிதழ். அப்புறம் துப்பாக்கிக்கு லைசென்ஸ்.

எந்தப் பிரிவில் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தில் 13ஆம் பிரிவு தற்காப்பு. அதற்கு ஒரு துப்பாக்கிதான். 80 வருஷப் பழைய பெரெட்டாவில் அந்த இடத்தை வீணாக்காதீர்கள். 15ஆம் பிரிவு எப்போதாவது வேட்டை, விளையாட்டு. அதில் கைத்துப்பாக்கி ஒன்று மட்டும். உங்களுக்குப் பொருந்துவது என் பெயரில் இருக்கும் பிரிவு: தனியார் சேகரிப்பு. அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளர் சங்கம் ஒன்றில் சேர வேண்டும். "என்ன சேகரிக்கிறாய், ஏன்?" என்று அவர்கள் கேட்பார்கள். "தாத்தாவுடையது" என்பது மனசுக்குப் போதும், விண்ணப்பத்துக்குப் போதாது. அதன் வரலாற்று மதிப்பைக் காகிதத்தில் காட்ட வேண்டும்.

இது எதுவும் வேண்டாம் என்றால் டீலர் மூலம் விற்கலாம். அல்லது ஆயுதக் கொல்லரிடம் கொடுத்து, இனிச் சுடவே முடியாதபடி செய்து, சான்றிதழோடு வைத்துக்கொள்ளலாம்.

---

மிட்ராண்ட்_மதுரைக்காரன்

நான் இந்த நாட்டுக்கு வந்து நான்கு வருஷம்தான், தப்பாக இருந்தால் திருத்துங்கள். 80 வயசு ஆன பொருள் பழம்பொருள் கணக்கில் வராதா? அதற்குமா லைசென்ஸ்?

---

பிரிவு_17

வராது. இங்கே சட்டத்தின் கண்ணில் பழம்பொருள் துப்பாக்கி என்றால் 1900 ஜனவரி 1க்கு முன் செய்யப்பட்ட, குழலின் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி, அல்லது அதன் நகல். தோட்டா போடும் துப்பாக்கி 1896இல் செய்ததாக இருந்தாலும் சாதாரணத் துப்பாக்கிதான்.

---

மிட்ராண்ட்_மதுரைக்காரன்

சரி. ஆயுத பூஜைக்கு டீலர் கடைக்குப் போய்ச் சந்தனம் வைத்துவிட்டு வர வேண்டியதுதான்.

---

பழைய_ஈயம்

தம்பி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து எழுதுகிறேன். 34 வருஷமாக இந்தப் பைத்தியம் எனக்கு. உன் முதல் கேள்விக்கு வருகிறேன், கொஞ்சம் கசக்கும்.

அந்த இரண்டு எக்ஸ்தான் விஷயம். ரோமன் எண்ணில் இருபது. முசோலினி ஆட்சியில் இத்தாலிக்காரர்கள் இரண்டு வருஷக் கணக்கு எழுதினார்கள். ஒன்று உலகத்தின் கணக்கு. இன்னொன்று, 1922 அக்டோபர் கடைசியில் அவர்கள் ரோமுக்கு ஊர்வலம் போன நாளிலிருந்து எண்ணும் பாசிசக் கணக்கு. இருபதாம் வருஷம் 1941 அக்டோபர் கடைசியில் தொடங்கி 1942 அக்டோபர் கடைசியில் முடிகிறது. உன் துப்பாக்கியில் 1942உம் இருக்கிறது, இருபதும் இருக்கிறது. ஆக, 1942 ஜனவரிக்கும் அக்டோபருக்கும் நடுவில் வட இத்தாலியில் கார்டோனே ஆலையில் செய்தது.

அம்பா அலாகியில் இத்தாலியத் தளபதி ஆவோஸ்டா கோமகன் சரணடைந்தது 1941 மே. அபிசீனியாவில் கடைசி இத்தாலியப் படை கோண்டாரில் சரணடைந்தது 1941 நவம்பர். உன் தாத்தா அம்பா அலாகியில் எத்தனை கர்னல்களை மடக்கியிருந்தாலும், இன்னும் செய்யப்படாத துப்பாக்கியை உருவியிருக்க முடியாது.

கிரீடமும் அந்த இரண்டு எழுத்தும் இத்தாலிய அரச ராணுவத்தின் முத்திரை. விமானப் படை, கடற்படைக்கு வேறு எழுத்து. பிடியில் இருப்பது பெரெட்டாவின் சொந்தக் குறி. மரத்துண்டு பிற்பாடு யாரோ போட்டது.

எங்கள் கூட்டத்தில் ஒரு பேச்சு உண்டு: துப்பாக்கிக்குக் காசு கொடு, கதைக்குக் கொடுக்காதே. இங்கே நீ காசு எதுவும் கொடுக்கவில்லை, அதனால் கதையைச் சும்மா வைத்துக்கொள்ளலாம். ஆனால் சங்கத்துக்கு எழுதும் கடிதத்தில் அம்பா அலாகி வேண்டாம்.

---

சாட்ஸ்வர்த்_பேரன்

அங்கிள், ராத்திரி தூக்கம் வரவில்லை. பெரியப்பா பொய் சொன்னார் என்கிறீர்களா?

---

பழைய_ஈயம்

இல்லை தம்பி. கதை நகர்ந்துவிட்டது என்கிறேன். நானும் ஏமாந்தவன்தான். இருபது வருஷத்துக்கு முன்னால் ஓர் ஏலத்தில் (எந்த ஏலம் என்று கேட்காதே) லூகர் என்ற ஜெர்மன் பிஸ்டல் ஒன்றை வாங்கினேன். "ஆப்பிரிக்கா கோரில் இருந்த ஜெர்மன் அதிகாரியுடையது, லிபியாவின் டோப்ருக்கில் பிடிபட்டது" என்று தட்டச்சு செய்த காகிதம் கூடவே இருந்தது. துருப்பிடிக்காமல் இரும்புக்கு ஏற்றும் நீலப் பூச்சு கண்ணாடி மாதிரி மின்னியது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பாலைவன மணலில் கிடந்த துப்பாக்கி அப்படி மின்னுமா?

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். லூகரில் பெரும்பாலான சின்னச் சின்ன பாகங்களில்கூட வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் குத்தியிருப்பார்கள். எல்லாம் ஒன்றாக இருந்தால்தான் அது ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது என்று அர்த்தம். என்னுடையதில் ஃபிரேம் ஓர் எண், மேலே மடங்கும் டாகிள் இன்னோர் எண், விசை மூன்றாவது. ரஷ்யர்கள் கிழக்குப் போர்முனையில் ஜெர்மானியரிடமிருந்து பிடித்த துப்பாக்கிகளைப் பிற்பாடு கிடங்கில் கும்பலாகப் பிரித்து, கலந்து கோத்து, புதிதாகப் பூச்சு ஏற்றி வைத்தார்கள். அந்த வகை அது. டோப்ருக்கைக் கண்ணால்கூடப் பார்க்காத துப்பாக்கி. அந்தக் காகிதத்தைச் சட்டம் போட்டு என் அறையில் மாட்டியிருக்கிறேன், திமிர் அடங்குவதற்கு.

இந்த ஊரில் மவுசர் சி96 பிஸ்டல் விற்கிறவர்களுக்கு எல்லாம் சர்ச்சில் ஒன்றுவிட்ட மாமா. அந்தச் சங்கதி உண்மைதான். 1899 நவம்பர் 15, எஸ்ட்கோர்ட்டிலிருந்து போன பிரிட்டிஷ் கவச ரயிலை போயர்கள் (டச்சு வம்சாவளிக் குடியேறிகள்) கவிழ்த்தபோது நிருபராகப் போன சர்ச்சில் தன் மவுசரை இன்ஜினில் விட்டுவிட்டு இறங்கி, வெறுங்கையோடு பிடிபட்டார். அதற்காக நேட்டாலில் கிடைக்கும் ஒவ்வொரு மவுசரும் அந்த இன்ஜினில் கிடந்ததாகிவிடுமா?

---

ஸ்டாங்கர்_டீச்சர்

சர்ச்சில் பிடிபட்டுச் சரியாக ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 15, கொலென்சோ சண்டை. அங்கே காயம்பட்டவர்களைத் தூக்கியது காந்தியின் இந்திய ஆம்புலன்ஸ் படை. ஏறக்குறைய 1,100 பேர், அதில் 800 பேர் கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள். நம் ஊர்ப் பெயர்கள் அதில் எத்தனை இருந்திருக்கும்! ஆனால் யாரும் அந்த ஸ்ட்ரெச்சர்களைச் சேகரிப்பதில்லை, மவுசரைத்தான் தேடுகிறார்கள். வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவளின் புலம்பல் இது, விடுங்கள்.

உங்கள் தாத்தா விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் யாருமே தொடாத ஒன்று இருக்கிறது. இந்தியன் அண்ட் மலாய் கோர், கேப் கோர், நேட்டிவ் மிலிட்டரி கோர் இந்த மூன்றும் யூனியன் அரசு (அன்றைய தென்னாப்பிரிக்க அரசு) வெள்ளையரல்லாதவர்களுக்காக வைத்திருந்த படைகள். லாரி ஓட்டலாம், சமைக்கலாம், காயம்பட்டவனைத் தூக்கலாம், குழி தோண்டலாம். ஆயுதம் ஏந்திச் சண்டை போடக்கூடாது என்பது அன்றைய பிரதமர் ஸ்மட்ஸ் அரசின் கொள்கை. ஆப்பிரிக்க வீரர்கள் கையில் ஈட்டியோடு காவல் நின்றார்கள், டாங்கிகள் ஓடிய போரில். எகிப்தின் எல் அலமைனில் தன் உடம்பிலேயே குண்டு துளைத்த பிறகும் ராத்திரி முழுக்கக் காயம்பட்டவர்களைச் சுமந்து வந்த லூக்காஸ் மஜோசியிடம் துப்பாக்கி இல்லை.

ஆகவே "இத்தாலிய அதிகாரியை மடக்கிப் பிடித்தார்" என்று ஒரு டிரைவரைப் பற்றிச் சொல்லும்போது, வருஷத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நான் கேட்பது: எதை வைத்து மடக்கினார்? ஜாக்கி கம்பியை வைத்தா?

---

சாட்ஸ்வர்த்_பேரன்

டீச்சர், இது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நிஜமாகவே தெரியாது. சீருடையில் தாத்தா நிற்கும் படம் ஒன்று ஹாலில் மாட்டியிருக்கிறது. அதில் துப்பாக்கி இல்லை என்பதை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

---

மிட்ராண்ட்_மதுரைக்காரன்

மனசில் பட்டதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். போர் நினைவுப் பொருள்களில் முக்கால்வாசி கடைச் சரக்கு மாதிரிக் கைமாறியவைதான். முன்னால் போன காலாட்படைக்காரன் பிடுங்குவான், பின்னால் வரும் லாரிக்காரனிடம் சிகரெட்டுக்கோ பீருக்கோ மாற்றிக்கொள்வான். தாத்தா இரண்டு பாக்கெட் சிகரெட் கொடுத்து வாங்கியிருப்பார். அதிலென்ன அவமானம்?

---

சாட்ஸ்வர்த்_பேரன்

உங்களுக்குச் சுலபமாக இருக்கிறது. நாங்கள் டர்பனில் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸிலிருந்து நிறவெறி ஆட்சியில் சாட்ஸ்வர்த்துக்குத் துரத்தப்பட்ட குடும்பம். லாரியில் ஏற்றிய சாமானில் ஆயாவின் தகரப் பெட்டி ஒன்று. அதில் சரிகைப் புடவை, விளக்கு, இந்தத் துப்பாக்கி. வேறு எதை வைத்து நாங்கள் பெருமைப்படுவது? அதைச் சிகரெட் பாக்கெட் என்று சொல்லிவிட்டுப் போகிறீர்கள்.

---

மிட்ராண்ட்_மதுரைக்காரன்

தப்புதான். அந்த வரியை அப்படி எழுதியிருக்கக்கூடாது. மன்னியுங்கள்.

---

பழைய_ஈயம்

இரண்டு பேரும் ஒரு டீ குடியுங்கள். தம்பி, தாத்தாவின் மெடல்கள் இருக்கிறதா? இருந்தால் அதன் விளிம்பைப் பார். பிரிட்டன் தன் வீரர்களுக்கு இரண்டாம் போர் மெடல்களைப் பெயர் பொறிக்காமல் கொடுத்தது. தென்னாப்பிரிக்கா எண்ணும் பெயரும் பொறித்தே கொடுத்தது. துப்பாக்கியைவிட அதுதான் உனக்குச் சாட்சி.

---

சாட்ஸ்வர்த்_பேரன்

இருக்கிறது! அத்தை வீட்டுப் பூஜை அறையில், முருகன் படத்துக்குப் பின்னால் ஒரு மில்க் பவுடர் டப்பாவில். நான்கு மெடல். நட்சத்திரம் இரண்டு, வட்டம் இரண்டு. வட்டத்தில் ஒன்றில் ஆப்பிரிக்கா வரைபடம், மறுபக்கம் துள்ளும் ஸ்பிரிங்பாக். நான்கிலும் எண், பெயரின் முதலெழுத்து, தாத்தாவின் பெயர், ஒரே ஓர் எழுத்துப் பிழையோடு. நட்சத்திரம் ஒன்றின் ரிப்பனில் "8ஆவது ஆர்மி" என்று ஒரு சின்னப் பட்டை தைத்திருக்கிறது.

---

பழைய_ஈயம்

அந்தப் பட்டைக்காகத்தான் காத்திருந்தேன்!

ஸ்பிரிங்பாக் இருப்பது ஆப்பிரிக்கா சர்வீஸ் மெடல், நம் நாட்டுக்கே உரியது. பட்டை தைத்த நட்சத்திரம் ஆப்பிரிக்கா ஸ்டார். அது வட ஆப்பிரிக்காவுக்கும் உண்டு, அபிசீனியாவுக்கும் உண்டு. அதை மட்டும் வைத்து எங்கே இருந்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் "8ஆவது ஆர்மி" பட்டை 1942 அக்டோபர் 23க்கும் 1943 மே 12க்கும் இடையில் வட ஆப்பிரிக்காவில் போரிட்ட அந்த பிரிட்டிஷ் படையோடு இருந்தவர்களுக்கு மட்டும். அக்டோபர் 23 என்ன நாள்? எல் அலமைன் இரண்டாம் சண்டை தொடங்கிய ராத்திரி. இத்தாலி ஸ்டார் இல்லை, அதனால் 1944இல் இத்தாலிக்குப் போன படையில் அவர் இல்லை.

இப்போது துப்பாக்கியைப் பக்கத்தில் வைத்துப் பார். 1942இல் செய்தது. கப்பலேறி எகிப்துக்கு வந்தது. நவம்பர் முதல் வாரத்தில் ஜெர்மன் தளபதி ரோம்மெல் பின்வாங்கும்போது ஜெர்மானியர் லாரிகளில் ஏறிப் போய்விட்டார்கள், தெற்கே நின்ற இத்தாலியக் காலாட்படை தண்ணீரும் வண்டியும் இல்லாமல் ஆயிரக்கணக்கில் சரணடைந்தது. அந்தச் சமயத்தில் மணலில் பெரெட்டா பொறுக்குவது கடற்கரையில் கிளிஞ்சல் பொறுக்குவது மாதிரி. உன் தாத்தா அங்கே இருந்திருக்கிறார், லாரியோடு. கைதிகளை ஏற்றிப் போனது லாரிகள்தான் தம்பி.

பாதுகாப்புத் துறையின் ஆவணக் காப்பகத்துக்கு எழுது. மெடல் விளிம்பில் இருக்கும் எண்ணைக் கொடு. பணிக்கோப்பு இருந்தால் நகல் தருவார்கள். வாரிசு என்பதற்குக் காகிதம் சேர்த்து அனுப்பு.

---

ஸ்டாங்கர்_டீச்சர்

மெடல்களைப் பாலிஷ் போட்டுவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

---

பிரிவு_17

டீச்சர் சொன்னதைத் துப்பாக்கிக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் வந்த பிறகு செய்ய வேண்டியது, இப்போதே சொல்லிவைக்கிறேன். டர்பன் ஈரக்காற்றில் இரும்புக்கு எதிரி தோல் உறைதான். பார்க்க அழகாக இருக்கும், ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு இரும்பைத் தின்னும். உறை தனியாக, துப்பாக்கி தனியாக. மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, சேஃபுக்குள் சிலிக்கா ஜெல். உப்புத்தாள் பக்கமே போகாதீர்கள். துரு இருந்தால் எண்ணெயில் ஊறவைத்து மிக மெல்லிய இரும்புப் பஞ்சால் பொறுமையாக. மறுபடி நீலப் பூச்சு ஏற்றினால் பாதி மதிப்பு அன்றைக்கே போச்சு.

சேஃபில் எஸ்ஏபிஎஸ் (தென்னாப்பிரிக்கத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை இருக்க வேண்டும், சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டிருக்க வேண்டும். போலீஸ் வந்து பார்ப்பார்கள்.

இன்னொன்று. பெரெட்டா 1934இல் சேஃப்டி நெம்புகோல் அரை வட்டம் சுற்றும், ஆனால் விசையை மட்டும்தான் பூட்டும். தோட்டாவை வெடிக்க வைக்கும் ஹாமரைப் பூட்டாது. நம்பாதீர்கள்.

---

பழைய_ஈயம்

அதைச் சொன்னதால் எனக்கு இன்னொன்று ஞாபகம் வருகிறது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விக்டரி ரிவால்வர், .38, நம் நாட்டில் நிறையவே உண்டு. விக்டரி என்ற பெயர் வருவதற்கு முன்பே, 1940-41இல் யூனியனுக்கு நேராக அனுப்பிய அதே வகையும் இருக்கிறது. யு எழுத்துக்குள் அம்பு முனை குத்தியிருந்தால் யூனியன் அரசின் சொத்தாக இருந்தது என்று அர்த்தம். கனடாவுக்கு சிக்குள் அம்பு. இந்த யு முத்திரையை லீ என்ஃபீல்டு துப்பாக்கிகளிலும் பார்ப்பீர்கள். வீட்டில் பழைய ரிவால்வர் இருப்பவர்கள் முதலில் அதைத் தேடுங்கள்.

1944 கடைசியில் அமெரிக்கக் கப்பல் ஒன்றில் ஒரு விக்டரி ரிவால்வர் இரும்புத் தளத்தில் விழுந்து வெடித்து ஒரு மாலுமி செத்தான். அதற்கப்புறம்தான் ஹாமருக்குப் புதுத் தடுப்பு வைத்து, வரிசை எண்ணுக்கு முன்னால் எஸ் என்ற எழுத்தைச் சேர்த்தார்கள். எஸ் இல்லாத விக்டரியைத் தோட்டா போட்டு மேஜை டிராயரில் வைக்கிற ஆசாமிகள் இன்றைக்கும் இருக்கிறார்கள். பெயர் சொல்லவில்லை, ஒருவர் என் மைத்துனர்.

வெப்லி ஆறாம் மார்க் பற்றிப் போன மாதம் யாரோ கேட்டார்கள், பதில் சொல்ல மறந்துவிட்டேன். 1915இல் வந்தது, .455 தோட்டா. சிலவற்றில் சிலிண்டரின் பின்பக்கத்தைச் சீவி அமெரிக்க .45 தோட்டா போகிற மாதிரி மாற்றியிருப்பார்கள். அந்தத் தோட்டாவின் அழுத்தம் வெப்லி தாங்குவதற்குச் செய்ததைவிட அதிகம். சீவிய வெப்லியைப் பார்வைக்கு வைத்துக்கொள்ளுங்கள், சுடாதீர்கள்.

---

நெறியாளர்

இழை வெப்லிக்குப் போகிறது, வெப்லிக்குத் தனி இழை இருக்கிறது. தனிச்செய்தியில் "அந்தப் பெரெட்டாவை விற்பாயா?" என்று இந்தப் பையனைக் கேட்ட இரண்டு பேருக்கும் சொல்கிறேன்: இங்கே வாங்கல் விற்றல் கிடையாது.

---

மிட்ராண்ட்_மதுரைக்காரன்

ஒரு சந்தேகம். சுட முடியாதபடி செய்துவிட்டால் லைசென்ஸ் தொல்லை குறையுமே. ஹாலில் தாத்தா படத்துக்குக் கீழேயே மாட்டலாம். ஏன் யாரும் அதைச் சிபாரிசு செய்யவில்லை?

---

பழைய_ஈயம்

எனக்கு மனசு வராது. குழலை அடைத்து, உள்ளே வெல்டு வைத்த பிறகு அது துப்பாக்கி வடிவத்தில் ஒரு பேப்பர்வெயிட். திரும்பச் சரிசெய்ய முடியாது.

---

ஸ்டாங்கர்_டீச்சர்

நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. இந்த நாட்டில் ஒவ்வொரு துப்பாக்கியும் திருடனுக்கு ஓர் அழைப்பிதழ். எங்கள் தெருவில் ஒரு பெரியவரை அவர் சேஃப் சாவிக்காகவே கட்டிப்போட்டார்கள். வெல்டு வைத்த பெரெட்டாவிலும் இருபதாம் வருஷம் அப்படியே இருக்கும், கிரீடம் இருக்கும். பேரனுக்குக் கதை சொல்ல அது போதும். சுடுகிற பெரெட்டா எதற்கு?

---

பழைய_ஈயம்

டீச்சர், திருடன் பயத்தில் பதில் இல்லை எனக்கு. என்னுடைய சேகரிப்பில் பாதியைப் போன வருஷம் சங்கத்து இளையவர்களுக்கு மாற்றிவிட்டேன், வயது காரணம் என்று வெளியே சொன்னேன். நீங்கள் சொன்னதுதான் காரணம்.

---

சாட்ஸ்வர்த்_பேரன் (தைப்பூசம் முடிந்த வாரம்)

மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். கோப்பு வந்தது. ஒன்பது பக்க நகல், பாதி வாசிக்க முடியவில்லை, குமாஸ்தாவின் கையெழுத்து கோழி கிண்டிய மாதிரி. வாசித்த வரைக்கும்:

1940 செப்டம்பரில் டர்பனில் சேர்ந்திருக்கிறார். டிரைவர். முதலில் கென்யா, அங்கிருந்து அபிசீனியா. ஆக, அபிசீனியாவில் நிஜமாகவே இருந்திருக்கிறார், பெரியப்பா அதை இட்டுக்கட்டவில்லை. 1941 நடுவில் எகிப்து. ஒரு போர்வையைத் தொலைத்ததற்குச் சம்பளத்தில் பிடித்தம். 1942 நவம்பரில் பதினொரு நாள் மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரி. 1943 ஜனவரி கப்பலில் டர்பன். துப்பாக்கி பற்றி ஒரு வரிகூட இல்லை.

கோப்பை எடுத்துக்கொண்டு ஆயாவின் தங்கையைப் பார்க்கப் போனேன். டோங்காட்டில் இருக்கிறார்கள், தொண்ணூற்று மூன்று வயது, காது மந்தம், ஞாபகம் கத்தி. புரட்டாசி விரதத்தை இன்னும் விடாதவர்கள். "சின்ன ஆயா, அந்த இத்தாலிக்காரன் துப்பாக்கி எப்படி வந்தது தெரியுமா?" என்று இரண்டு தடவை கத்திக் கேட்டேன். சிரித்துவிட்டார்கள். தாத்தாவுக்குச் சிகரெட் பழக்கமே கிடையாதாம். வாரா வாரம் ரேஷனில் கொடுக்கும் சிகரெட்டைத் தொடாமல் சேர்த்து வைப்பாராம். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கால் போன ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் புகைக்க எதுவும் இல்லாமல் தவித்தானாம். டின் முழுக்கக் கொடுத்தாராம். அவன் தலையணைக்கு அடியிலிருந்து இதை எடுத்து நீட்டினானாம். வேண்டாம் என்றாராம். "உனக்குத்தான் எதுவும் கொடுக்கவில்லையே, வைத்துக்கொள்" என்றானாம்.

இதுவும் கதைதானே என்று பழைய_ஈயம் அங்கிள் கேட்பார். தெரியும். ஆனால் மஞ்சள் காமாலையையும் ஆஸ்பத்திரியையும் நான் சின்ன ஆயாவிடம் சொல்வதற்கு முன்பே அவர்களாகச் சொன்னார்கள். கோப்பை அதற்கப்புறம்தான் பையிலிருந்து எடுத்தேன்.

மரத்துண்டைப் பற்றியும் கேட்டேன். அது தாத்தா செதுக்கியதாம், ஆயாவின் உடைந்த சப்பாத்திக் கட்டையிலிருந்து.

மதுரைக்கார அண்ணா, இரண்டு பாக்கெட் இல்லை, ஒரு டின். மற்றபடி நீங்கள் சொன்னதுதான்.

---

மிட்ராண்ட்_மதுரைக்காரன்

என்ன எழுதுவது என்று தெரியவில்லை தம்பி. டர்பன் வந்தால் சின்ன ஆயாவைப் பார்க்கக் கூட்டிப்போங்கள்.

---

பழைய_ஈயம்

கேட்க மாட்டேன். மரத்துண்டைக் கழற்றி அசல் தகடு தேடிப் போடலாம் என்று உனக்கு எழுதுவதாக இருந்தேன், நல்லவேளை எழுதவில்லை. அதைத் தொடாதே.

---

பிரிவு_17

சங்க விண்ணப்பத்தோடு கோப்பின் நகல், மெடல் விளிம்புப் படங்கள், முத்திரைப் படங்கள் மூன்றையும் சேருங்கள். சின்ன ஆயா சொன்னதை ஒரு பக்கத்தில் எழுதி அவர்களிடமே கையெழுத்து வாங்குங்கள், தேதியோடு. பயிற்சி எப்போது?

---

சாட்ஸ்வர்த்_பேரன்

அடுத்த சனிக்கிழமை. டீச்சர் சொன்னதை வீட்டில் பேசினோம். அம்மா வெல்டு வைக்கச் சொல்கிறார்கள், அப்பா கூடாது என்கிறார். லைசென்ஸ் வருகிற வரைக்கும் எப்படியும் டீலர் சேஃபில்தான் இருக்கப்போகிறது, அதற்குள் ஒரு முடிவுக்கு வருவார்கள். சின்ன ஆயா கையெழுத்து போட மாட்டார்கள், ரேகைதான் வைப்பார்கள். பரவாயில்லையா?

---

பிரிவு_17

பரவாயில்லை. சாட்சியாக இரண்டு பேர் கையெழுத்து போடட்டும்.